இரவில் அணைந்துபோகும் மரவாயு பாய்லர்: நாசில் கல்லை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பழைய பண்ணை வீடு. நிலவறையில் 30 கிலோவாட் மரவாயு பாய்லர். சேமிப்புத் தொட்டி கிடையாது. சுடுதண்ணீர் நேராக வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களுக்குப் போகிறது. இரவு 10 மணிக்கு ஏறக்குறைய 40 கிலோ விறகை நிரப்பி, தெர்மோஸ்டாட்டை 21 டிகிரியிலிருந்து 16-க்கு இறக்கிவிட்டுப் படுக்கிறீர்கள். காலை 5 மணிக்குப் பார்த்தால் நெருப்பு செத்துக் கிடக்கிறது, பாதிக்கு மேல் விறகு கருகிய நிலையில் அப்படியே இருக்கிறது, எண்ணெய் பாய்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் இதே பாய்லர் இதே விறகில் நன்றாக எரிகிறது. பார்க்க வந்த மெக்கானிக் அடியில் இருக்கும் நாசில் கல்லை (தழல் கீழே பாயும் பிளவு உள்ள, சூடு தாங்கும் கல்) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். குறைந்தது இந்த வாரம் வேண்டாம். கல் உடைந்திருந்தாலும் அடைத்திருந்தாலும் அது பகல், இரவு பார்க்காது. பகலில் ஒழுங்காக எரியும் பாய்லர் இரவில் மட்டும் அணைகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே எது மாறுகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும். உங்கள் வீட்டில் மாறுவது எது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இரவில் தெர்மோஸ்டாட்டை 5 டிகிரி இறக்கிவிடுகிறீர்கள். அதாவது, பாய்லரை வாய்வரை நிரப்பிவிட்டு, வீட்டுக்கு வெப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறீர்கள்.

இது ஏன் நெருப்பைக் கொல்கிறது என்று புரிய, இந்தப் பாய்லர் எப்படி எரிகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் சூடேறினால் வாயுவாகக் கிளம்பிவிடும், மிச்சம்தான் கரி. சாதாரண அடுப்பில் அந்த வாயு மேலே போகிறது, பாதி எரிந்தும் பாதி எரியாமலும் புகையாக வெளியேறுகிறது. மரவாயு பாய்லரில் ஃபேன் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது, அல்லது தள்ளுகிறது. விறகு மேல் அறையில் இருக்கும். அதன் அடியில் கனன்றுகொண்டிருக்கும் தணல் படுக்கை. அதற்கும் அடியில் நாசில் என்கிற பிளவு. விறகிலிருந்து கிளம்பும் புகையும் நீராவியும் தணலுக்கு ஊடாகப் போகும்போது தார் உடைகிறது, கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, நீராவியிலிருந்து ஹைட்ரஜன் பிரிகிறது. நாசிலில் இரண்டாவது காற்று கலந்ததும் கீழ் அறையில் 1000 டிகிரிக்கு மேல் தழல் பாய்கிறது. நல்ல எரிப்பின்போது புகைபோக்கியில் கண்ணுக்குப் புகையே தெரியாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊரில் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. பின்பக்கம் உருளை ஒன்றைக் கட்டிக்கொண்டு போன அந்த வண்டிகளைப் பற்றித் தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் அதே காலத்தில் மரத்துண்டுகளைப் போட்டே கார் ஓட்டினார்கள். உங்கள் நிலவறையில் இருப்பதற்கும் அவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தணல் இருக்கும்வரை வாயு. தணல் செத்தால் மேலே எத்தனை கிலோ விறகு இருந்தாலும் அது வெறும் சுமை.

இப்போது உங்கள் இரவைப் பார்ப்போம். 10 மணிக்கு நிரப்புகிறீர்கள். அப்போது வீடு 21 டிகிரியில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் 16 கேட்கிறது. வீடு 5 டிகிரி ஆறும்வரை ரேடியேட்டர் பம்ப் ஓடாது. குளிரையும் சுவர்களையும் பொறுத்து அதற்கு மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகலாம். பாய்லர் அரை மணி நேரத்துக்குள் தன் உச்ச வெப்பநிலையை, 85 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், தொட்டுவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி ஃபேனை நிறுத்துகிறது. காற்றுவழி மூடிக்கொள்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சக் காற்றில் தணல் கமறிக்கொண்டு, அதாவது தழல் இல்லாமல் புகைந்துகொண்டு கிடக்கிறது. புதுக் கட்டைகளிலிருந்து கிளம்பும் ஈரமும் புகையும் அதன்மேல் இறங்குகின்றன. ஒரு மணி நேரம் தாங்கும். நல்ல மேப்பிள் கரி என்றால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கலாம். பைன் என்றால் அதுவும் சந்தேகம்.

அதிகாலை 2 மணிக்கு வீடு 16-க்கு வந்து பம்ப் ஓடத் தொடங்குகிறது. பாய்லர் தண்ணீர் ஆறுகிறது. ஃபேன் கிளம்புகிறது. ஆனால் ஊதுவதற்குத் தணல் இல்லை. காற்று அங்கே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கங்குகளையும் குளிரவைத்துவிடுகிறது. புகைக்குழாயின் வெப்பநிலை ஏறவில்லை என்று பார்த்து, கட்டுப்பாட்டுப் பெட்டி சில நிமிடங்கள் காத்திருந்துவிட்டு ‘விறகு தீர்ந்தது’ என்று முடிவுகட்டி ஃபேனை நிறுத்துகிறது. பல பாய்லர்களில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. தீர்ந்துபோன நெருப்புக்குக் காற்று ஊதி, இருக்கிற சூட்டையும் புகைபோக்கி வழியே துரத்தக் கூடாது என்பதற்காக. உங்கள் விஷயத்தில் விறகு 30 கிலோ உள்ளே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 20 சதவீத ஈரம் உள்ள விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 யூனிட் வெப்பம் தரும். மின்சாரக் கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். 40 கிலோ என்றால் 160 யூனிட். பாய்லர் அதில் 85 சதவீதம் தண்ணீருக்குக் கொடுத்தால் 136. இந்த 30 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் எரிந்தால் நாலரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும். உங்கள் வீடு சாதாரணக் குளிர்கால இரவில் சராசரியாக 7 கிலோவாட் இழக்கிறது என்று எடுத்துக்கொண்டால் (நீங்கள் சொன்ன எண்ணெய்ச் செலவை வைத்துப் பார்த்தால் இதற்குப் பக்கத்தில்தான் வரும்), பாய்லர் ஒரு மணி நேரத்தில் 14 நிமிடம் எரிந்தால் போதும். மிச்சம் 46 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அதுவும் தெர்மோஸ்டாட்டை இறக்காத இரவில். ‘பெரியதாக வாங்கிப் போட்டால் நல்லது’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். மரவாயு பாய்லரில் அது நேர்த் தலைகீழ்.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊர் விறகடுப்பில் ராத்திரி தணலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் கிளறி ஊதினால் பற்றிக்கொள்ளும். நீறு பூத்த நெருப்பு என்று அதைத்தான் சொல்கிறோம். பழைய வார்ப்பிரும்பு விறகுக் கணப்புகளும் அப்படித்தான், காற்றைக் குறைத்துவிட்டால் இரவெல்லாம் கமறும். அதே எதிர்பார்ப்போடு இந்தப் பாய்லரை நடத்தக் கூடாது. இது ஒரே மூச்சில் வேகமாக எரிந்து முடிய வடிவமைத்தது. கமறினால் வாயு எரியாது, தார்தான் மிஞ்சும். அந்தத் தார் சுவர்களிலும் பைபாஸ் மூடியிலும் (திறந்தால் புகையை நேரே புகைபோக்கிக்கு விடும் மூடி) ஃபேன் இறக்கைகளிலும் புகைபோக்கியிலும் படியும். இன்று அணைவது ஒரு தொந்தரவு என்றால், புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பது இன்னொரு நாளுக்கான பெரிய தொந்தரவு.

நான் சொன்னது ஊகம்தான் என்று நீங்கள் சொல்லலாம், சரி. நேரில் பார்க்காமல் சொல்வது ஊகம்தான். ஆனால் உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது, செலவும் இல்லை. காலையில் கதவைத் திறந்ததும் கரண்டியால் கிளறாமல், டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் திறந்த கையோடு எல்லாவற்றையும் குத்திக் கலைத்துவிட்டு, அப்புறம் காரணம் தேடுகிறார்கள். சாட்சி போய்விடும்.

திறக்கும் முன் ஒரு விஷயம், இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். கமறிக்கொண்டிருக்கும் பாய்லருக்குள் எரியாத வாயு நிறைந்திருக்கும். கதவைச் சட்டென்று திறந்தால் காற்று புகுந்து ‘டப்’ என்று முகத்துக்கு நேராகப் பற்றும். புருவம் கருகியவர்கள் நிறையப் பேர். பைபாஸைத் திறந்து ஓரிரு நிமிடம் விடுங்கள், பிறகு கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து நிறுத்தி, வாயு புகைபோக்கிக்குப் போன பிறகு முழுதாகத் திறங்கள். முகம் கதவுக்கு நேரே வேண்டாம். நிலவறையிலும் படுக்கையறைத் தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், மற்ற எதையும் செய்வதற்கு முன் இன்றே வாங்கி மாட்டுங்கள்.

இனி உள்ளே என்ன தெரிகிறது என்று பார்ப்போம். கட்டைகள் கருத்து, பளபளவென்று தார் பூசியதுபோல இருந்து, சுவரெல்லாம் ஈரப்பசையோடு கறுப்பாக இருந்தால், அது சும்மா கிடந்து செத்த நெருப்பு. நான் மேலே சொன்ன கதை. உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டைகளின் அடியில் குகை மாதிரி வெற்றிடம் இருந்து, நாசில்மேல் தணல் எதுவும் இல்லாமல் வெறும் சாம்பல் மட்டும் இருந்தால், விறகு பாலம் கட்டிக்கொண்டது. கீழே இருந்தது எரிந்து தீர, மேலே இருந்தது இறங்காமல் தொங்கிவிட்டது. இதற்கு மருந்து அடுக்கும் முறையில் இருக்கிறது. கட்டை நீளம் அறையைவிட 5 சென்டிமீட்டராவது குறைவாக இருக்கட்டும். எல்லாக் கட்டையும் ஒரே திசையில், அறையின் நீளவாக்கில். குறுக்கே ஒன்றுகூட வேண்டாம். கிளை பிரிந்த கவைக்கட்டை, முடிச்சு உள்ளது, வளைந்தது எல்லாவற்றையும் பகலுக்கு ஒதுக்கிவையுங்கள். பகலில் தொங்கினால் நீங்கள் ஒரு குத்து குத்தி இறக்கிவிடலாம், இரவில் யார் குத்துவது? அடியில் கை மணிக்கட்டுப் பருமன் உள்ள பிளந்த துண்டுகள், மேலே போகப் போகப் பெரியவை. இறுக்கித் திணிக்கவும் வேண்டாம். சுவரில் தார் தடித்திருந்தால் கட்டை அதில் ஒட்டிக்கொண்டும் தொங்கும். பாலம் கட்டும் பழக்கமும் சும்மா கிடக்கும் பழக்கமும் ஒன்றுக்கொன்று துணைபோவது இப்படித்தான்.

அடிக்கட்டை மட்டும் கருகி, மேலே இருப்பது கிட்டத்தட்டப் போட்ட நிறத்திலேயே இருந்து, முனைகளில் நுரை காய்ந்த தடம் இருந்தால் ஈர விறகு.

உள்ளே விறகும் இருக்கிறது, கரியும் இருக்கிறது, ஆனால் ஃபேனே ஓடவில்லை, ஏதோ சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் பாதுகாப்பு வெட்டி விழுந்திருக்கிறது. தண்ணீர் 95 முதல் 100 டிகிரிக்குப் போனால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கையால் பட்டனை அழுத்தும்வரை திரும்ப வராது. அப்படியானால் ஏன் அத்தனை சூடேறியது என்பதுதான் கேள்வி. பம்ப் நின்றதா, குழாயில் காற்று அடைத்ததா என்று பாருங்கள். பட்டனை மட்டும் அழுத்திவிட்டுப் போகாதீர்கள். இன்னொன்று, உங்கள் பக்கம் பனிப்புயல் இரவுகளில் மின்சாரம் போய் வருவது சகஜம். சமையலறை அடுப்பின் டிஜிட்டல் கடிகாரம் மினுக்கிக்கொண்டிருந்தால், பாய்லரும் அந்த நேரத்தில் நின்றிருக்கிறது. சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் மின்சாரம் திரும்பினாலும் தானாகத் தொடங்காது.

வெறும் சாம்பல்தான் இருக்கிறது என்றால், கோளாறே இல்லை. விறகு தீர்ந்தது, அவ்வளவுதான்.

விறகைப் பற்றி நீங்கள் ‘நன்றாகக் காய்ந்தது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். அதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை; உங்களைச் சொல்லவில்லை, யார் சொன்னாலும் நம்புவதில்லை. வாங்கிய விறகு ‘ஓராண்டு காய்ந்தது’ என்று வந்தால், பெரும்பாலும் மரம் வெட்டி ஓராண்டு ஆகியிருக்கும், பிளந்து அடுக்கி ஓராண்டு ஆகியிருக்காது. உருட்டாகக் கிடக்கும் மரம் காய்வதே இல்லை என்று சொல்லலாம். மரத்துக்கு மரமும் வித்தியாசம். பச்சை வெள்ளை ஆஷ் மரத்தில், உலர் எடையோடு ஒப்பிட்டால் தண்ணீர் 45 சதவீதம்போல இருக்கும். வடக்குச் சிவப்பு ஓக்கில் அது 70, 80. அதனால் ஆஷ் ஓராண்டில் தயாராகும், ஓக் இரண்டு ஆண்டு, சில சமயம் மூன்று கேட்கும். வெர்மான்ட்டில் 2018-இல் ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்ட் ஆஷ் போரர் வண்டு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஆஷ் விறகு நிறையவே சந்தைக்கு வருகிறது. வருத்தமான விஷயம்தான், ஆனால் பாய்லருக்கு அதைவிட நல்ல விறகு கிடைப்பது அரிது. ஒன்று, அந்த விறகைத் தூரத்திலிருந்து கொண்டுவராதீர்கள். வண்டு பரவுவதே அப்படித்தான்.

ஈரமானியால் அளக்கும்போது வெளிப்பக்கத்தைக் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு நாள் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்த வேண்டும். உறைந்த விறகில் மானி பொய் சொல்லும், குறைத்தே காட்டும். மானியில் 25 என்று வந்தால், அது உலர் எடைக்கு ஒப்பிட்ட கணக்கு. மொத்த எடையில் 20 சதவீதம். பாய்லர் புத்தகத்தில் 20 என்று போட்டிருந்தால் எந்தக் கணக்கில் என்று பாருங்கள்.

ஈரத்தால் வரும் வெப்ப நஷ்டத்தைப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். உண்மையில் 40 கிலோவில் 20 சதவீதத்துக்குப் பதில் 35 சதவீதம் ஈரம் இருந்தால் கூடுதல் தண்ணீர் 6 கிலோ. அதை ஆவியாக்க 4 யூனிட்தான் செலவு. அவ்வளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் மரம் இல்லை என்பதால் நஷ்டம் இன்னும் கூடும் என்றாலும், நெருப்பைக் கொல்வது அந்தக் கணக்கு இல்லை. அந்த ஆவி எல்லாம் தணல் ஊடாகத்தான் போக வேண்டும் என்பதுதான் விஷயம். ஃபேன் ஓடும்போது தணல் அதைச் சமாளித்துவிடும். ஃபேன் நின்றிருக்கும்போது தணலுக்குப் பலம் கிடையாது. அதனால்தான் பகலில் ‘பரவாயில்லை’ என்று எரியும் அரை ஈர விறகு இரவில் கைவிடுகிறது. உங்களுக்கு இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாம் பார்த்துவிடலாம். கதவு கேஸ்கட்டில் (காற்றுப் புகாமல் அடைக்கும் விளிம்புப் பட்டை) ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி இழுங்கள். இழுபடாமல் பிடிக்க வேண்டும், நான்கு பக்கமும். பைபாஸ் மூடி தார் ஒட்டி முழுதாக உட்காராமல் இருந்தால், புகை கீழே போகாமல் நேரே மேலே ஓடிவிடும். மேல் விறகு எரியும், கீழ் அறை ஆறிக் கிடக்கும். முதல் காற்று வரும் துளைகள் விறகறைச் சுவரில் இருக்கும், தாரும் சாம்பலும் அடைத்திருந்தால் கம்பியால் எடுங்கள். ஃபேனைக் கழற்றி இறக்கைகளைத் துடையுங்கள். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்று, குச்சியால் தள்ளினால் ஓடுகிறது என்றால் கெப்பாசிட்டர் போய்விட்டது, மலிவான பாகம். நாசிலில் பழைய ஆணி, கண்ணாடி போல உருகிய சாம்பல் கட்டி ஏதாவது சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். கல்லில் மயிரிழை விரிசல்கள் வருவது சாதாரணம், பயப்பட வேண்டாம். துண்டு துண்டாகப் பெயர்ந்து பிளவு அகலமாகியிருந்தால் மட்டும்தான் மாற்றும் பேச்சு. சாம்பல் எடுக்கும்போது கரியையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள். நிரப்பும்போது அடியில் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல் உயரமாவது கனலும் தணல் வேண்டும்.

புகைபோக்கி கொஞ்சம் தனியாகக் கவனிக்க வேண்டியது. பழைய பண்ணை வீடு என்கிறீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய அகலமான செங்கல் புகைபோக்கியாக இருந்தால், ஃபேன் நின்ற நேரத்தில் அது ஆறிப்போய், புகையை மேலே இழுக்கும் இழுவையே இல்லாமல் போகும். உள்ளே வெப்பக்காப்புப் போட்ட எஃகுக் குழாய் இறக்குவது அங்கே நல்ல முதலீடு. பல பாய்லர்கள் கேட்கும் இழுவை 10, 15 பாஸ்கல் என்ற அளவில் இருக்கும். உங்கள் மாடலின் புத்தகத்தில் சரியான எண்ணைப் பார்த்து, ஒரு இழுவைமானியால் அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பாய்லரும் இதே குழாயில்தான் சேர்ந்திருக்கிறது என்றால் பிரித்துவிடுங்கள், அது இரவு அணைவதைவிட ஆபத்தான விஷயம்.

பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 55, 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்சுவரில் ஈரம் கட்டி எஃகை அரிக்கும், தாரும் ஏறும். இதைத் தடுக்கச் சூடேறிய தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வால்வு இருக்க வேண்டும். ஸ்வீடனில் செய்யும் லாட்டோமாட் அந்த வேலைக்குப் பெயர்போனது. நீங்கள் அனுப்பிய குழாய் இணைப்புப் படத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2 மணிக்கு ஆறிப்போன ரேடியேட்டர்களின் தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்லருக்குள் பாய்கிறது என்றால், ஏற்கெனவே சாகக் கிடக்கும் தணலுக்கு அதுவே கடைசி அடி.

இன்றிரவு ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை 21-லேயே விட்டுவிடுங்கள். நல்ல தணல்மேல் 40-க்குப் பதில் 20 கிலோ மட்டும் போடுங்கள். இவை இரண்டும் சும்மா கிடக்கிறது என்ற ஒரே ஊகத்தைச் சோதிப்பவை. வேறு எதையும் சேர்த்து மாற்ற வேண்டாம், எது காரணம் என்று தெரியாமல் போகும். முடிந்தால் புகைக்குழாயில் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை ஒட்டிவையுங்கள். நன்றாக எரியும்போது அது 150 முதல் 200 டிகிரிக்குள் ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். காலையில் அந்த வரைபடத்தில் ஏற்ற இறக்கம் விடியும்வரை சீராக வந்திருந்து, உள்ளே சாம்பலும் கொஞ்சம் தணலும் மட்டும் மிச்சம் இருந்தால், சும்மா கிடப்பதுதான் உங்கள் நோய் என்று உறுதி. ஏற்றமே இல்லாமல் நடு இரவில் விழுந்திருந்தால் மேலே சொன்ன மற்றவற்றுக்குத் திரும்புங்கள்.

உறுதியானால், நிரந்தரத் தீர்வு தண்ணீர்த் தொட்டி. வெப்பத்தை விறகாகப் பாய்லருக்குள் வைத்துக் காப்பாற்ற முயலாமல், வேகமாக எரித்துத் தண்ணீரில் சேர்த்துவைப்பது. ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது: புதிதாகப் போடும் இந்த வகைப் பாய்லருக்கு கிலோவாட்டுக்குக் குறைந்தது 55 லிட்டர் தொட்டி வேண்டும். உங்கள் 30 கிலோவாட்டுக்கு 1650 லிட்டர். மினசோட்டா நிறுவனம் ஒன்றின் கார்ன் (Garn) என்ற பெயருள்ள பெரிய பாய்லர்களில் எரியும் அறையைச் சுற்றியே ஆயிரம் காலனுக்கு மேல் தண்ணீர் நிற்கும். சும்மா கிடக்கும் நிலையே அதற்கு இல்லை.

உங்கள் பக்கத்தில் பலர் 500 காலன் பழைய புரொபேன் தொட்டியை வாங்கி இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது 1890 லிட்டர். 85 டிகிரியிலிருந்து 50-க்கு ஆறும்போது அது 77 யூனிட் கொடுக்கும். மணிக்கு 7 யூனிட் வீதம் 11 மணி நேரம். 30 கிலோ விறகை மாலை 6 மணிக்குப் பற்றவைத்தால் மூன்றரை மணி நேரத்தில் 100 யூனிட் வருகிறது. அதற்குள் வீடு 24 எடுத்துக்கொள்ளும், மிச்சம் தொட்டியை நிறைக்கும். ஒன்பதரைக்கு நெருப்பு தானாகத் தீர்ந்துவிடும். நீங்கள் படுக்கும்போது பாய்லர் அணைந்திருக்கும், அணைந்தே இருக்கட்டும்.

உங்களிடம் பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் இருப்பது இங்கே பெரிய அதிர்ஷ்டம், அவை 50 டிகிரித் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும். சுவரோரம் ஓடும், அலுமினியத் தகடுகள் கோத்த செம்புக் குழாய் ஹீட்டர் உள்ள வீடுகளில் 65-க்குக் கீழே போனால் அறை சூடேறாது. அதே தொட்டி 44 யூனிட்தான் தரும், 6 மணி நேரம். அவர்கள் இரண்டு தொட்டி யோசிக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் தொட்டி விலை மட்டும் போடாதீர்கள். நிரம்பிய தொட்டி இரண்டு டன்னைத் தாண்டும், தரை தாங்க வேண்டும். 10 டிகிரியிலிருந்து 85-க்குச் சூடேறும்போது அந்தத் தண்ணீர் 60 லிட்டர் விரியும். அதை உள்வாங்கும் விரிவுக்கலம் பெரியது, விலையும் கணிசம். அழுத்தத் தளர்வு வால்வு கட்டாயம். சுற்றிலும் தடிமனான வெப்பக்காப்பு. பழைய புரொபேன் தொட்டியை வெட்டவோ வெல்டிங் செய்யவோ நீங்களே இறங்காதீர்கள். காலி என்று சொல்லப்படும் தொட்டியிலும் வாயு இருக்கும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தொட்டி வரும்வரை இந்தக் குளிர்காலத்தை ஓட்ட: இரவில் தெர்மோஸ்டாட்டை இறக்காதீர்கள், இறக்கியே ஆக வேண்டுமென்றால் 2 டிகிரிக்கு மேல் வேண்டாம். பெரிய நிரப்பலை மாலை 6 மணிக்கு வைத்துக்கொண்டு, 10 மணிக்குத் தேவையான அளவு மட்டும் போடுங்கள். அந்த இரவு விறகுக்கு மேப்பிள், பீச், ஆஷ் என்று கரி நிற்கும் மரத்தையே எடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் அமைப்புகளில் சும்மா இருக்கும்போது சில நிமிடத்துக்கொரு முறை ஃபேனைச் சில வினாடி ஓட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இயக்கிவையுங்கள், தணல் உயிரோடு இருக்க அது உதவும். புகைபோக்கியை வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாகத் துடைக்கச் சொல்லுங்கள், இத்தனை இரவுகள் கமறியதற்குத் தார் நிச்சயம் ஏறியிருக்கும். எண்ணெய் பாய்லரை அணைக்காமல் 15 டிகிரியில் காவலுக்கு விட்டுவையுங்கள், குழாய் உறைந்து வெடித்தால் வரும் செலவில் தொட்டியே வாங்கிவிடலாம்.